பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு தாள்

கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கு அடிக்கும் அழைப்பிதழில் என்னென்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். உச்சியில் கல்லூரிச் சின்னம். அதன் கீழே நிறுவனர் பெயரில் சுழற்கோப்பை. பிறகு தாளாளர், செயலர், முதல்வர், உடற்கல்வி இயக்குநர், அத்தனை பேரும் பட்டங்களோடு. நடுவில் கொட்டை எழுத்தில் சிறப்பு விருந்தினர். கடைசி வரி, 'அனைவரும் வருக'. எத்தனை மணிக்கு வருவது, எந்த கேட் வழியாக வருவது, வந்தால் உள்ளே விடுவார்களா என்பது மட்டும் எங்கேயும் இருக்காது.

திருநீர்மலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டி.டி.பி., லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. போட்டி நடத்தும் கல்லூரிப் பிள்ளைகள் ஃபிக்ஸ்சர் தாளைப் பிரதி எடுக்க வருவார்கள். இன்னொரு பக்கம், என் மகள் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியில் கார்டாக ஆடுகிறாள். அவள் ஆடும் இடத்துக்கெல்லாம் முடிந்தவரை கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன். அந்தத் தாளை அடித்துக் கொடுப்பவளும் நான்தான், அதை நம்பிப் போய் வெயிலில் நிற்பவளும் நான்தான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

'நம்ம ஊரில் கிரிக்கெட்டை விட்டால் வேறு எதைப் பார்க்கிறார்கள்?' என்று விளையாட்டு ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். வேலை முடித்து வந்தவர்கள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, எந்த வங்கி அணிக்கு எந்தப் பையன் மாறிவிட்டான் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கும் அப்படித்தான் கூட்டம். அந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு விளையாட்டு ஜீன் கிடையாது. கோர்ட் ஊருக்குள் இருக்கிறது, ஆட்டம் சாயங்காலம் நடக்கிறது, போனால் யாரும் 'நீ யார்?' என்று கேட்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் கல்லூரிக்குப் பஞ்சமே இல்லை. பல்லாவரத்தில் தொடங்கி ஜி.எஸ்.டி. சாலையோடு செங்கல்பட்டு வரை போனால், ஒரு நிறுத்தத்துக்கு ஒரு கல்லூரியாவது கண்ணில் படும். பாதிக்கு மேல் நல்ல கோர்ட் வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் போட்டிகளும் நடக்கின்றன. ஆட்டத்தின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் வேகத்தை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் டி.வி.யில் பார்த்துத் திருப்தியடைய மாட்டார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது யார்? அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணி, தோற்றுப்போன அணி, வருகைப் பதிவுக்காக அனுப்பப்பட்ட முதலாண்டு மாணவர்கள், என்னைப் போல நாலு அம்மா அப்பா. மதில் சுவருக்கு வெளியே இருக்கும் ஊருக்கு, உள்ளே போட்டி நடப்பதே தெரியாது.

கேட்டில் நடப்பதைச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே உரையாடல்தான்.

"யாரும்மா வேணும்?"

"மேட்ச் பார்க்கணும்ணா."

"எந்த டீம்ல உங்க ஆளு?"

ஆள் இருந்தால் சரி. மகளின் பெயரைச் சொல்வேன், நோட்டில் எழுதிக்கொண்டு விடுவார். ஆளே இல்லாமல், ஆட்டத்தைப் பார்க்க மட்டுமே ஒருவர் வரக்கூடும் என்பது அவருக்குச் சொல்லப்படவே இல்லை. எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் டிவிஷன் அணிக்கு ஆடியவர். என் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபிக்ஸ்சரைப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஆசையாகக் கிளம்பிப் போனார். 'யாரைப் பார்க்கணும்?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்துவிட்டார். மேட்ச்தானே பார்க்கப் போனார், யார் பெயரைச் சொல்வார்?

காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லூரிக்கும் நியாயம் இருக்கிறது. உள்ளே மாணவிகள் விடுதி இருக்கும், ஆய்வகங்கள் இருக்கும், கேட்டைத் திறந்துவிட்டு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று விட முடியாது. அதற்குத்தான் வழி செய்ய வேண்டும் என்கிறேன். போட்டி நாட்களில் கோர்ட்டுக்குப் பக்கத்து கேட்டை மட்டும் திறக்கலாம். பெயரும் செல்பேசி எண்ணும் எழுதி வாங்கலாம். கோர்ட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்று கயிறு கட்டலாம். என்.எஸ்.எஸ். பிள்ளைகள் இரண்டு பேரைக் காவலருக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். 'பொதுமக்கள் பார்க்கலாம், அனுமதி இலவசம்' என்று ஒரு வரியை அழைப்பிதழில் போட்டு, அந்த அழைப்பிதழில் ஒன்றைக் காவலர் கையிலும் கொடுக்கலாம். இந்தக் கடைசி வேலையை யாருமே செய்வதில்லை. தாளாளருக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள், காவலருக்கு ஒரு பிரதி கிடையாது.

எங்கள் மலைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பார்க்கிறேன். திருநீர்மலை திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நின்ற கோலத்தில் நீர்வண்ணர். மலை மேல் இருந்த கோலத்தில் நரசிம்மர், கிடந்த கோலத்தில் ரங்கநாதர், நடந்த கோலத்தில் உலகளந்த பெருமாள். முதல் முறை வருகிறவருக்குக்கூட முதலில் கீழே சேவித்துவிட்டுப் பிறகு படியேற வேண்டும், நடை எப்போது சாத்துவார்கள், செருப்பை எங்கே விடுவது என்பதெல்லாம் பலகையைப் பார்த்தோ பூக்கடைக்காரம்மாவைக் கேட்டோ தெரிந்துவிடும். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தல வரலாறு. அவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. அரையிறுதி ஆட்டம் பார்க்க வருகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் பார்வையாளருக்குப் பெரிய இடமே இருக்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் குளிர்காலத்தில் உள்ளே ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று பீச் பழக்கூடைகளைப் பால்கனிக் கைப்பிடியில் கட்டிவைத்துத் தொடங்கியது இது. பால்கனியில் நின்று பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் அணி போட்ட பந்தைக் கூடைக்குள் தள்ளிவிடுவார்கள், எதிரணிப் பந்தைத் தட்டிவிடுவார்கள். அவர்கள் கையைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் போர்டு வந்தது. இன்றைக்கு லே-அப் போடும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் குறும்புக்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஆட்டம் சென்னைக்கும் வந்தது. ஹாரி குரோ பக் 1920-ல் இங்கே தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள்.

அமெரிக்கக் கல்லூரிப் போட்டி என்றால் இன்று உலகமே பார்க்கிறது. மார்ச் மாதம் 68 அணிகள், பெரிய பெரிய அரங்குகள். பார்க்க வருகிறவர்களுக்கு எந்த வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும், வண்டியை எங்கே விடுவது, எந்த அளவுப் பை கொண்டு வரலாம் என்பது வரை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பைதான் கொண்டு வர வேண்டும் என்றுகூட உண்டு. அவர்களிடம் காசு இருக்கிறது, செய்கிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் 1939-ல் அந்தப் போட்டி முதல் முறை நடந்தபோது, ஓரிகன் அணி ஒஹையோ ஸ்டேட்டை வென்ற இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 5,500 பேர்தான். நடத்திய பயிற்சியாளர் சங்கத்துக்குச் சுமார் 2,500 டாலர் நஷ்டம். கூட்டம் பிறகுதான் வந்தது.

நாம் அரங்கம் கட்ட வேண்டாம். அழைப்பிதழின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? ஒரு ஏ4 தாளில் பாதி போதும். தமிழில் வேண்டும். 'இன்ஸ்டாவில் போட்டுட்டோம் ஆன்ட்டி' என்கிறார்கள் பிள்ளைகள். ஸ்டோரி மறுநாள் போய்விடும், போகாவிட்டாலும் எங்கள் தெருப் பெரியவர் அதில் இல்லை. டீக்கடைச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டுகிற தாளைச் சொல்கிறேன். 2021-ல் எங்கள் பேரூராட்சியைத் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அதன் வார்டு அலுவலகங்களிலும் அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன, அங்கேயும் ஒட்டலாம்.

அந்தத் தாளில் முதலில் வழி. சென்னைக் கல்லூரிப் போட்டிகளைப் பார்க்க ஒரு ரயில் தடம் கிட்டத்தட்டப் போதும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் பக்கத்திலேயே லயோலா. பெர்ட்ரம் நினைவுப் போட்டிகள் அங்கேதான். சைதாப்பேட்டையில் இறங்கி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் போகலாம். பொத்தேரியில் இறங்கினால் எஸ்.ஆர்.எம். எதிரே நிற்கும். தாம்பரத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்தால் கிறித்தவக் கல்லூரி. 1837-ல் தொடங்கி, நூறாண்டு கழித்து 1937-ல் இங்கே குடிவந்த கல்லூரி அது. முந்நூறு ஏக்கருக்கு மேல் காடும் புள்ளிமான்களுமாக இருக்கும் வளாகம், ஆகவே கேட்டில் இறங்கியதும் மைதானம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நடக்கத் தயாராகத்தான் போக வேண்டும். இதையெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேனியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ மகன் ஆடுவதைப் பார்க்க வரும் பெற்றோருக்கு இது தேவை. 2023 டிசம்பர் இறுதியிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. விடியற்காலையில் அங்கே இறங்குகிறவருக்கு, அங்கிருந்து உங்கள் கல்லூரிக்கு எந்தப் பேருந்து, இறங்கும் நிறுத்தத்தின் பெயர் என்ன, ஆட்டோ எவ்வளவு கேட்கும் என்று மூன்று வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

அடுத்து நேரம். 'காலை 9 மணி முதல்' என்று போடுவது நேரம் ஆகாது. ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால் பகுதி, ஆக நாற்பது நிமிடம் என்று விதி. ஆனால் ஃபவுல், ஃப்ரீ த்ரோ, டைம்-அவுட், இடைவேளை எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஓவர்டைம் போனால் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கூடும், அந்த ஐந்தும் ஐந்தாக இருக்காது. இதைக் கணக்கில் எடுக்காமல் மணிக்கு ஓர் ஆட்டம் என்று ஃபிக்ஸ்சர் போட்டுவிடுவார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு ஆட்டம் பின்தங்கிவிடும். மூன்று மணி ஆட்டத்துக்கு வந்தவர் ஐந்து மணிக்கு எழுந்து போவார். டேபிள் அஃபிஷியல் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து, 'அடுத்த ஆட்டம் 4.15' என்று எழுதினால் போதும். ஒரு சாக்பீஸ் செலவு.

உட்காரும் இடம். நம் கல்லூரிகளில் முக்கால்வாசி திறந்தவெளி சிமெண்ட் கோர்ட். ஆடுகிறவர்கள் கண்ணில் வெயில் படக் கூடாது என்று வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள். எனவே மத்தியானத்துக்கு மேல் மேற்குப் பக்கம் உட்காருங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் போய்விடும். பெரும்பாலான இடங்களில் ஷாமியானா போட்ட மேடை அந்தப் பக்கம்தான் இருக்கும், வி.ஐ.பி. நாற்காலிகளோடு. பொதுமக்களுக்குக் கிழக்கு, கண்கூச்சத்தோடு. நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் தன்னார்வலப் பிள்ளை ஓடி வந்து, "ஆன்ட்டி, கெஸ்ட்டுக்கு" என்பான். கெஸ்ட் வருவது ஐந்தரைக்கு.

மழை பெய்தால் என்ன என்பதையும் எழுத வேண்டும். பருவ மாதங்களில் நாலு தூறல் விழுந்தாலே சிமெண்ட் வழுக்கும், ஆட்டத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பிள்ளைகளின் முழங்கால் முக்கியம். கோணிச் சாக்கைப் போட்டு இழுத்துத் தண்ணீரை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவார்களா, நாளைக்கா, வேறு கல்லூரியின் உள்ளரங்கத்துக்கு மாற்றிவிட்டார்களா? கேட்க ஒரு தொலைபேசி எண் வேண்டும். அதை எடுத்துப் பேச ஒரு மாணவர் வேண்டும்.

இப்போது கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். கழிப்பறை. பெண்கள் போட்டி நடத்துகிற இடங்களிலேயே வெளியிலிருந்து வரும் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று ஒரு அம்புக்குறி கிடையாது. கேட்டால் "பிளாக் பூட்டிட்டாங்க ஆன்ட்டி, சண்டேல்ல" என்பார்கள். ஆடும் பிள்ளைகளுக்கே சில இடங்களில் அந்த நிலைதான். தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்கும் என்று, ஆட்டத்துக்கு நடுவில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சென்னை வெயிலில். கோப்பைக்கு முலாம் பூசுகிறார்கள், ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். ஒரு பூட்டைத் திறந்து, பக்கெட்டும் மக்கும் வைத்து, 'பெண்கள்' என்று எழுதி ஒட்ட எவ்வளவு ஆகும்? அந்த எழுத்தை என் கடையில் லேமினேட் செய்து வாங்கினாலும் ஒரு டீ விலை தாண்டாது.

பார்வையாளர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆட்டம் ஆடுகிறவர்களுக்குத்தானே என்பார்கள். இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்து, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை சென்னைக்காரர், தெற்கு ரயில்வேக்காரர். பம்மலிலோ குரோம்பேட்டையிலோ ஏழாவது படிக்கும் ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தால் பொது அறிவு. பக்கத்துக் கல்லூரியில் ஓர் அக்கா மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு ரிங்குக்குப் போவதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால், அவள் அன்றைக்கே பந்து கேட்பாள். என் மகள் அப்படித்தான் கேட்டாள். ஆட்டம் தெரியாத வீட்டார் அந்தக் குழந்தையைக் கூட்டி வர, தாளில் நாலு விதியும் போடுங்கள்: கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளிருந்து இரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று, ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே, பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் போட்டாக வேண்டும். இவ்வளவு தெரிந்தால் முதல் கால் பகுதியிலேயே ரெஃப்ரியோடு சண்டை போட ஆரம்பித்துவிடலாம்.

கடைசியாக இறுதி ஆட்டம். அது ஐந்து மணிக்கு என்று இருக்கும். ஐந்து மணிக்கு இரண்டு அணிகளும் வார்ம்-அப் முடித்து வியர்வையோடு நிற்கும். சிறப்பு விருந்தினர் வழியில் இருப்பார். வந்ததும் பொன்னாடை, நினைவுப் பரிசு, வரவேற்புரை, அறிமுக உரை, அவருடைய உரை. அவர் இளமையில் ஆடாத ஆட்டம் இருக்காது. பிள்ளைகளின் உடம்பு ஆறிப்போன பிறகு அவர் கோர்ட்டின் நடுவில் நின்று ஒரு பந்தை ரிங்கை நோக்கி எறிவார். அது எங்கோ போகும், எல்லாரும் கைதட்டுவோம். ஆட்டம் தொடங்க ஆறரை. அந்த நேரத்தில்தான் கிழக்குப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமாக எழுந்திருக்கும். பல்லாவரத்திலிருந்து திருநீர்மலைக்கு ராத்திரி ஷேர் ஆட்டோ நிறையும்வரை காத்திருக்க வேண்டியவர்களுக்கு அதற்கு மேல் உட்கார முடியாது. இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை நான் பலமுறை மகளின் வாயால்தான் கேட்டிருக்கிறேன்.

ஐந்து மணி என்று அடித்தால் ஐந்து மணிக்கு விசில் ஊத வேண்டும், விருந்தினர் வந்திருந்தாலும் வராவிட்டாலும். உரை வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்வதேச விதிப்படி இரண்டாம் கால் பகுதிக்கும் மூன்றாம் கால் பகுதிக்கும் நடுவில் பதினைந்து நிமிட இடைவேளை உண்டு. பொன்னாடையையும் உரையையும் அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கால் பகுதிக்காகக் காத்திருக்கும் கூட்டம் எழுந்து போகாது, அவருக்கும் ஆள் கிடைக்கும்.